பச்சை அட்டைக் கதைக்கு முடிவு

ஆள் முகத்தைப் பார்த்தே இன்னாருக்கு இன்ன புத்தகம் என்று சொல்லிவிடுவேன் என்கிற திமிர் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. லேசான திமிர் இல்லை, நல்ல கொழுத்த திமிர். இரண்டு வீடுகளைப் போட்டு உலுக்கிய பிறகுதான் அது அடங்கியது. அதில் ஒரு வீடு என்னுடையது.

எண்பதுகளின் பின்பாதியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் நான் கிளார்க். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு லீவு என்று எழுதுகிற வேலை. கேன்டீனை ஒட்டித் தொழிலாளர் மன்றம் என்று ஒரு அறை உண்டு. அதில் ஒரு கேரம் போர்டு, ஒரு ரேடியோ, ஒரு இரும்பு பீரோ. பீரோ நிறையப் புத்தகங்கள். யார் எப்போது வாங்கிப் போட்டார்களோ தெரியாது. சாவியை வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று லேபர் ஆபீசர் என் தலையில் கட்டினார். பகல் ஷிப்டு மூன்றரைக்கு விடும். நான்கு மணி வரை நான் பீரோ முன்னால் நிற்பேன். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள்.

முதல் அடி எனக்கு பஞ்சை உதறிப் பிரிக்கிற ப்ளோ ரூமின் மேஸ்திரியிடம் விழுந்தது. கிருதாவும் மீசையும் ஒன்றாகச் சேர்ந்த மனிதர். வீட்டில் தெலுங்கு. அவர் தெலுங்கில் போடுகிற சத்தம் மிஷின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். அவருக்கு வாளும் குதிரையுமாக ஒரு சரித்திரக் கதையை எடுத்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்பக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது வேண்டாம்மா. அழுவுற மாதிரி ஒண்ணு கொடு."

எனக்கு வாய் மூடவில்லை. தம்பி தங்கைகளை வளர்த்துவிட்டுத் தனிமரமாக நிற்கும் ஒரு அக்காவின் கதையைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கண் சிவக்க வந்து நின்றார். "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

கேட் வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். போர்க்கதையை நீட்டினால், "சண்டையா? அதைப் போயி எவனாவது உக்காந்து படிப்பானா?" என்று சிரித்துவிட்டுச் சமையல் புத்தகம் கேட்டார். அதை அவர் கதை மாதிரி வரிவரியாகப் படிப்பார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போது, "நேத்து ரசவாங்கி வரைக்கும் வந்துட்டேன்" என்பார். பஞ்சைச் சீவுகிற கார்டிங்கில் ஒரு பெண், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே நடுங்குவாள். அவளுக்குக் கொலைக்கதை மட்டும்தான் வேண்டும். புத்தகத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "இதுல எத்தனை கொலைக்கா?" என்று கேட்டுக்கொள்வாள். ஒரு கொலை என்றால் முகம் வாடிவிடும்.

இப்படி நாலைந்து முறை தூக்கி வாரிப் போட்டதும் எனக்கு ஒரு ஞானோதயம் வந்தது. ஆள் எப்படி இருக்கிறாரோ அதற்கு நேர் எதிரானதைக் கொடு. கேட்பதைக் கொடுக்காதே, கேட்காததைக் கொடு. இதை ஏதோ விஞ்ஞானம் கண்டுபிடித்த மாதிரி பிடித்துக்கொண்டேன். பாதி நேரம் அது பலித்தும் தொலைத்தது. மில்லில் எனக்குப் புத்தக ஜோசியக்காரி என்று பேர் வந்தது. அதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவளாகவே இருப்பாள், ஆனாலும் டைம் ஆபீஸ் என்பதால் என்னை அக்கா என்பாள். செட்டியார்பட்டிப் பெண், ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு வயதில் ஒரு மகள். அவள் பேய்க்கதை தவிர வேறெதையும் தொடமாட்டாள். பீரோவில் இருந்த அத்தனை பேய்களையும் இரண்டு சுற்று முடித்துவிட்டாள்.

"ஏட்டி, உனக்குப் பயமே கெடையாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேய்க்கதைதாங்க்கா நிம்மதியா இருக்கு. எம்புட்டுப் பயமுறுத்துனாலும் விடிஞ்சாப் போயிருதுல்ல."

"குடும்பக்கதை ஒண்ணு படிச்சுப் பாரேன்."

"அது வேண்டாம்க்கா. அது வீட்டுலயே கெடக்கு."

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்து ஆபீசில் போய் இரண்டு பேரிடம் சொல்லியும் சிரித்தேன். அவள் இடது கையில் அடிக்கடி பேண்டேஜ் துணி சுற்றியிருக்கும். கேட்டால், கொதிக்கிற குழம்பு தெறித்துவிட்டது என்பாள். மாதத்துக்கு இரண்டு முறை குழம்பு தெறிக்கிற வீட்டைப் பற்றி, முகம் பார்த்துப் புத்தகம் கொடுக்கிற எனக்கு ஒரு கேள்வி வரவில்லை. அவளுக்கு எதிரானது எது என்று மட்டும்தான் என் மூளை ஓடியது. பேய் படிப்பவளுக்குக் குடும்பம்.

பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அது கடையில் வாங்கியதில்லை. என் அம்மா தைத்தது. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்குச் சேர்த்து ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார்கள். மூன்று வீடும் படித்து முடித்ததும் இதழ் அம்மாவிடம் வந்துவிடும். தொடர்கதைப் பக்கங்களைக் கிழிக்கிற உரிமை அவளுக்கு. ஒவ்வொரு வாரமும் கிழித்து, டிரங்குப் பெட்டியில் அடுக்கி, கதை முடிந்ததும் கோணி ஊசியால் மில் நூல் போட்டுத் தைப்பாள். காலண்டர் அட்டை மேலுறை. முதுகுக்குச் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியை மைதாப் பசையில் முக்கி ஒட்டுவாள். எங்கள் ஊரில் பல வீட்டில் இப்படித் தைத்த புத்தகங்கள் இருந்தன என்றாலும், அம்மா கைத்தையல் மாதிரி வராது. நானோ வாராவாரம் படிக்கிற ஜாதி இல்லை. தொடரும் என்று பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும். அம்மா தைத்து முடித்த பிறகு ஒரே மூச்சில் படிப்பேன். பச்சை அட்டைக் கதை வந்தபோது நான் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது புத்தகமாகத்தான் பார்த்தேன். பீரோவின் சாவி வந்ததும், மன்றத்துக்கு என் பங்காக அதைக் கொண்டுபோய் வைத்தேன்.

கதை இதுதான். அடிக்கிற புருஷனோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்துகிறாள் ஒருத்தி. கடைசி அத்தியாயத்தில், ஒரு விடிகாலை, மஞ்சள் பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறாள். எங்கே போகிற பஸ் என்று பார்க்காமல் ஏறி உட்கார்கிறாள். கண்டக்டர் எங்கேம்மா என்கிறார். கடைசி ஸ்டாப்புக்கு என்கிறாள். அவ்வளவுதான். பஸ் புறப்படுகிறது, கதை முடிகிறது.

அடேயப்பா, என்ன முடிவு என்று நான் அந்தக் காலத்தில் சொல்லாத ஆள் இல்லை.

அவள் ஒரு வாரம் வைத்திருந்தாள். இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றாள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். புத்தகத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய டைம் கார்டு ரேக்கிலேயே நின்றது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை காலை ஒரு ஆள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். நெற்றியில் சந்தனம், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. யாராவது ஆசிரியராக இருக்கும் என்று எழுந்து நின்றேன்.

"புஸ்தகம் கொடுக்குறது யாரும்மா? நீதானா?"

"ஆமா. நீங்க?"

பச்சை அட்டைப் புத்தகம் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து மைக்கூட்டைத் தட்டிவிட்டது.

"நாலு அறை விட்டா அடங்கிக் கெடந்தவ. இதைப் படிச்சுட்டுப் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. மஞ்சப்பை, ரெண்டு சேலை, விடிகாலை பஸ்ஸு. அப்படியே இதுல போட்டிருக்கிற மாதிரி! தாளை மடக்கி வச்சிருக்கா, பாரு. பொம்பளைக்குப் பொம்பளை செய்யுற வேலையாம்மா இது?"

நாலு அறை என்பதை அந்த ஆள் நாலு இட்லி என்கிற மாதிரி சொன்னதுதான் முதலில் காதில் விழுந்தது. அந்தக் குழம்பு, அந்தப் பேண்டேஜ் துணி, விடிந்தால் போய்விடுகிற பேய், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து என் தலையில் இறங்கின. அடிப்பாவி, நீயெல்லாம் முகம் பார்க்கிறவளா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

லேபர் ஆபீசர் ஓடிவந்து அந்த ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்பினார். திரும்பிவந்து என் முன்னால் கையை நீட்டினார். பீரோ சாவியைக் கொடுத்தேன். "படிக்கக் கொடுத்தோம்னு பேரு, குடும்பத்தைப் பிரிச்சோம்னு பழி. உன் வேலைய மட்டும் பாரும்மா" என்றார். மேஸ்திரி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கையில் பாதி படித்த புத்தகம் இருந்தது. அதையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்கள்.

அவள் எங்கே போனாள் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா மகள் வீட்டில் இருக்கிறாள், அங்கே நோட்டுப் புத்தகம் தைக்கிற பட்டறையில் சேர்ந்துவிட்டாள் என்றார்கள். அப்பாடா என்று இருந்தது. கடைசி ஸ்டாப் பன்னிரண்டு கிலோமீட்டரில்தான் இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு உயிர் வந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மில் விலாசத்துக்கு எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. கோணல்மாணலான எழுத்து.

"அக்கா, வெள்ளிக்கிழமை அவிய வீட்டு ஆளுக பேசி முடிக்க வாராவ. என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றாவ. இங்க பெரியம்மா மக வீட்லயும் போயிருன்னுதான் சொல்றாவ. எனக்கு ஒண்ணும் ஓடல. அந்தக் கதையில அவ பஸ் ஏறுன பொறவு என்ன ஆனா? ரெண்டாம் பாகம் இருக்கும்ல? கேட்டு எழுதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணும்."

நான் அந்தக் கார்டைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெண் தன் வாழ்க்கையை என்ன செய்வது என்று என்னிடம் கேட்கவில்லை. கதையில் என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். அதை வைத்து முடிவு செய்யப் போகிறாள். இதற்கு அவள் நேரடியாகவே கேட்டிருக்கலாம், நானாவது தைரியமாக ஏதாவது உளறியிருப்பேன்.

அன்று மாலையே எங்கள் ஊர் நூலகத்துக்கு ஓடினேன். கதையைச் சொன்னதும் நூலகர் கண்டுபிடித்துவிட்டார். "அது புத்தகமாவே வந்திருக்கேம்மா. இங்க உள்ளது கிழிஞ்சு பைண்டிங்குக்குப் போயிருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில இருக்கும், பாரு." புத்தகமாக வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டாம் பாகம் இல்லாவிட்டாலும், முன்னுரையிலாவது அவள் என்ன ஆனாள் என்று இருக்கும் என ஆசையோடு மறுநாள் ஷிப்டு முடிந்து பஸ் ஏறினேன்.

புத்தகம் இருந்தது. நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பஸ் இல்லை. கண்டக்டர் இல்லை. நான் பார்க்காத யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். வேறு கதை என்று நினைத்து அட்டையைப் பார்த்தேன். அதே கதைதான். பின்னாலிருந்து ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். பஸ் அத்தியாயம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று அத்தியாயங்கள் இருந்தன.

இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்று அந்த மூன்றையும் படித்தேன். அவள் கடைசி ஸ்டாப்பில் இறங்குகிறாள். ஊர் அவளைத் தப்பாகப் பார்க்கிறது. மகளுக்குக் காய்ச்சல். அப்பா வேண்டும் என்று குழந்தை அழுகிறது. ஒரு மழை நாளில் அவள் திரும்பி வருகிறாள். வாசலில் அவன் காலில் விழுகிறாள். புத்தி கெட்டுப் போய்விட்டேன் என்கிறாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தி மன்னிக்கிறான்.

அவன் மன்னித்தானாம்! பதினோரு வருஷம் அடித்தவன் மன்னித்தானாம்! நான் போட்ட சத்தத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஆத்திரம் அடங்கியதும்தான் நான் செய்தது புரிந்தது. முடிவு இல்லாத கதையை முடிந்த கதை என்று சொல்லி ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறேன். அவளும் நம்பிப் பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டாள். இப்போது உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை அவள் திரும்பிப் போவாள். சொல்லாவிட்டால் இரண்டாம் முறையும் ஏமாற்றுகிறேன். அவள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. அந்தப் பக்கம் போகவில்லை. திரும்ப பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நேராக என் பெட்டியைத் திறந்து, அன்றைக்கு ஆபீசிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வெள்ளைத் தாள் பட்டையாக ஒட்டியிருந்தது. கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பட்டைக்கு அடியில் 'தொடரும்' என்று தெரிந்தது.

அச்சகம் விட்டதில்லை, பத்திரிகைக்காரர் போடாமல் போனதில்லை. பசை தடவி மூடியிருக்கிறது.

"அம்மா, இதுக்குப் பொறவு மூணு அத்தியாயம் எங்க?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"அடுப்புல போட்டுட்டேன்."

"என்னது?"

"மூணு வாரமும் வந்துச்சு. படிச்சேன். புடிக்கல. போட்டுட்டேன்."

"நீ பாட்டுக்குப் போட்டுட்டா? இதுனால என்ன ஆயிருக்குன்னு தெரியுமா உனக்கு? ஒருத்தி வீட்டை விட்டே போயிட்டா!" என்று ஆரம்பித்து, நடந்த அத்தனையையும் கத்தித் தீர்த்தேன். என் கோபம் அப்பா வழி. அம்மா எதிர்த்து ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் முழுவதையும் கேட்டாள். போஸ்ட் கார்டை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"எம்புட்டுக் கஷ்டப்பட்டு அவ பஸ்ஸுல ஏறுனா. இருபது வாரம் ஆச்சு அவ ஏறுறதுக்கு. அவளைப் போயி எதுக்குத் திரும்பக் கூட்டிட்டு வரணும்?"

அவள் சொன்னது போஸ்ட் கார்டுக்காரியை இல்லை, கதையில் வருகிறவளை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

"நம்ம வீட்டுல என்னம்மா கொறச்சல்? அப்பா உன்னைய ஒருநாள் கை நீட்டி அடிச்சதில்ல."

"அடிச்சாத்தான் பஸ் ஏறணும்னு இருக்கா?"

ஹாஸ்டலில் இருந்த காலம் போக, இருபத்தைந்து வயது வரை நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். அப்பாவுக்கு உரக்கடை. ஊரில் மரியாதை. குடி இல்லை, சீட்டு இல்லை. அப்பா அம்மாவைக் கூப்பிட்டு நான் கேட்ட ஒரே சொல் "இந்தா" என்பதுதான். அவர் படி ஏறினால் ரேடியோ நிற்கும். சாப்பிட்டாயா என்று அவளை அவர் கேட்டு நான் கேட்டதில்லை. நானும்தான் கேட்டதில்லை. இதெல்லாம் எனக்கு அதுவரை குறையாகவே தெரியவில்லை. மில்லில் நூறு பேருக்கு முகம் பார்த்துப் புத்தகம் கொடுத்த நான், அம்மாவுக்கு ஒரு புத்தகம் எடுத்து வந்து, இதைப் படி என்று சொன்னதே இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அவள்தான் எனக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் அவளுக்கு என்னம்மா எழுத? கதை அம்புட்டுத்தான்னு எழுதிரட்டா?"

"பொய் எழுதாத. ஒருக்கா நான் செஞ்சதே போதும்." கீரைத் தண்டுகளை ஒதுக்கி வைத்தாள். "நானே போயிச் சொல்லிட்டு வாரேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அம்மா தனியாக பஸ் ஏறியதில்லை. எனக்கோ லீவு கேட்க வாய் இல்லை, ஏற்கெனவே லேபர் ஆபீசர் முறைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அம்மா பச்சை அட்டைப் புத்தகத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், எந்தத் தெரு என்று நான் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பா கடையை அடைத்து ஏழரைக்கு வருவார். அதற்குள் அவள் திரும்ப வேண்டும்.

ஷிப்டு விட்டதும் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். ஐந்து மணி பஸ் வந்தது, அம்மா இல்லை. அடுத்ததிலும் இல்லை. தொலைந்து போய்விட்டாளோ, சண்டையில் மாட்டிக்கொண்டாளோ என்று என்னவெல்லாமோ நினைத்தேன். ஆறரைக்கு மேல் வந்த பஸ்ஸிலிருந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். எனக்கு வந்ததே கோபம்.

"அறிவிருக்கா உனக்கு? இம்புட்டு நேரமா? அப்பா வார நேரம் ஆயிருச்சு, அடுப்புகூடப் பத்த வைக்கல. ஒரு பஸ் பாத்து ஏறத் தெரியாதா? சொன்ன நேரத்துக்கு வர மாட்ட?"

அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் முன்னால் நடக்க, அவள் பின்னால் வந்தாள். வீட்டுக்குப் போய் அவசரமாகத் தோசை வார்த்தாள். ஏழரைக்கு அப்பா வந்தார். "இந்தா" என்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று அடுத்த வாரம் மில்லில் பேசிக்கொண்டார்கள். அம்மாவிடம் கேட்டேன். "ரெண்டையும் சொன்னேன். அவ ஒண்ணை எடுத்துக்கிட்டா" என்று மட்டும் சொன்னாள். ஆறு மாதம் கழித்து, மேஸ்திரி போட்ட சண்டையில் பீரோ சாவி என்னிடம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் எதையும் எடுத்து நீட்டவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். "என்ன ஜோசியக்காரி, வாய மூடிட்ட?" என்பார்கள். அவர்களாகவே எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

நான் அவளை மறுபடி பார்த்தது தொண்ணூறுகளின் நடுவில். எனக்குக் கல்யாணமாகி, என் மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். நோட்டு வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது, பட்டறையில் நாலைந்து பெண்களுக்கு நடுவில் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அங்கே மேற்பார்வை அவள்தான். மகள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். டீ வரவழைத்தாள். அம்மாவை விசாரித்தாள். இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு அவிய வந்தாவல்ல அக்கா. கதையச் சொன்னாவ. கதையில அவ திரும்பிப் போயிட்டா, நான்தான் அந்தத் தாளை எரிச்சேன், ரெண்டையும் சொல்லிட்டேன், பொறவு உன் இஷ்டம்னாவ. நான் செத்த நேரம் அழுதேன். அவிய பாட்டுக்கு எங்கூட உக்காந்து நோட்டுத் தைக்க ஆரம்பிச்சுட்டாவ. என்ன கை அது! சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கல. முதலாளி பாத்துட்டு யாரு இந்தம்மான்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"போகும்போது மெதுவாக் கேட்டாவ. இங்க இன்னொரு ஆளுக்கு வேலை இருக்குமான்னு."

வேறு யாருக்கோ கேட்டிருப்பாள் என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது.

"இருக்கும்னுதாங்க்கா சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். ராஜபாளையம் பஸ் வந்துச்சு, ஏறுங்கன்னேன். அடுத்ததுல போறேன்னாவ. அடுத்ததும் வந்துச்சு. அதையும் விட்டுட்டு, புஸ்தகத்தை மடியில வச்சுக்கிட்டு அந்தப் பெஞ்சுலயே உக்காந்திருந்தாவ. மூணாவது பஸ்ஸுக்குத்தான் எந்திரிச்சாவ. எம்மக தேடுவான்னு சொல்லிட்டு ஏறுனாவ."

அந்த மூன்றாவது பஸ்ஸிலிருந்து இறங்கியவளைத்தான், ஒரு பஸ் பார்த்து ஏறத் தெரியாதா என்று நான் திட்டினேன்.